ஹரிக்கேன் பெட்டி எட்டாயிரம், அப்புறம்?

போன முறை குழந்தைகளுக்கான பொம்மை ட்ரோன்கள் பற்றி எழுதியதும், "அதெல்லாம் இருக்கட்டும், நிஜ விமானம் மாதிரி கட்டிப் பறக்க விட என்ன வாங்குவது?" என்று ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. அதனால் இந்த முறை பால்சா என்ற மிக லேசான மரத்தில் கட்டும் பழைய போர் விமான மாடல்கள் பற்றிய கேள்விகள் மட்டும். எனக்கும் பல வருடமாக இந்தக் கிறுக்கு உண்டு. சில பதில்கள் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடமாக ஃபோம் ட்ரெய்னர் (பழகுவதற்கான ரிமோட் விமானம்) ஓட்டுகிறேன். அடுத்து பால்சாவில் ஒரு போர் விமானம் கட்ட ஆசை. 40 அங்குல ஹரிக்கேன் கிட் (கட்டுவதற்கான உறுப்புகள் அடங்கிய பெட்டி) 8,000 ரூபாய், 60 அங்குல ஸ்பிட்ஃபயர் 19,000 ரூபாய் என்கிறார்கள். எதை வாங்கலாம்? மேற்கொண்டு என்ன செலவு வரும்? – சேலம் வாசகர்

ஹரிக்கேன், அதுவும் 40 அங்குலம் (இறக்கையின் முனைக்கு முனை அளவு). இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானங்கள். ஸ்பிட்ஃபயரின் அழகுக்கு ஈடு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நீள்வட்ட இறக்கையில் ஒரு ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) மாதிரி அடுத்த ரிப் இருக்காது. சக்கரங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தரையில் ஓடும்போதே ஒரு பக்கம் சாயப் பார்க்கும். ஹரிக்கேனின் இறக்கை தடிமன். சக்கரங்கள் அகலமாக நிற்கும், உள்பக்கமாக மடியும். இன்னொரு வசதியும் உண்டு. நிஜ ஹரிக்கேனிலேயே விமானி இருக்கைக்குப் பின்னால் உள்ள உடல் பகுதி மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியதுதான். நீங்கள் பால்சா குச்சிகளை வரிசையாக ஒட்டி மேலே சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் போர்த்தினால் போதும், 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்ததைப் போலவே விலா எலும்பு தெரிகிற உடம்பு வந்துவிடும். அதற்காகத் தனியாக மெனக்கெட வேண்டாம்.

அளவு விஷயம்: நிஜ விமானத்தின் இறக்கை 40 அடி. ஆகவே 40 அங்குல மாடல் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 60 அங்குலம் என்றால் ஒன்றரை மீட்டர். ஒரே துண்டு இறக்கையாக இருந்தால் சின்னக் காரின் பின்சீட்டில் குறுக்கே போகாது. வாங்கும் முன் உங்கள் காரையும், கட்டப்போகும் அறையின் கதவையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், மொட்டை மாடி அறையில் கட்டிவிட்டுப் படிக்கட்டில் இறக்க முடியாமல் இறக்கையை அறுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இனி செலவு. உங்களிடம் ரேடியோ (விமானத்தை ஓட்டும் ரிமோட்) இருக்கிறது, அது மிச்சம். 200 முதல் 250 வாட் தரும் பிரஷ்லெஸ் மோட்டார் ஏறத்தாழ 1,000, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 அல்லது 40 ஆம்பியர் இஎஸ்சி 1,200, இறக்கை, வால் மடல்களை அசைக்க மெட்டல் கியர் வைத்த 9 கிராம் செர்வோ நான்கு 1,200. 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இரண்டு 3,800. ஒன்றே ஒன்று வாங்கினால் ஐந்து நிமிடம் பறக்கவிட்டு ஒரு மணி நேரம் சார்ஜரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புரொப்பல்லர் மூன்று 500, சுருங்கும் ஃபிலிம் இரண்டு ரோல் 1,800, கீல், கம்பி மாட்டும் ஹார்ன், கம்பி வகை 600, பசை, பிளேடு, குண்டூசி, உப்புத்தாள் என்று 1,500. ட்ரெய்னருடன் வந்த குட்டி சார்ஜரையே வைத்திருந்தால் செல்களைச் சமன் செய்து, எவ்வளவு ஏறியது என்று காட்டும் சார்ஜர் ஒன்றுக்கு 2,500. கூட்டினால் 14,100. விலைகள் கடைக்குக் கடை மாறும், ஆனாலும் பெட்டி எட்டாயிரம் என்றால் விமானம் மேலே ஏற இருபத்திரண்டாயிரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள். 19,000 ரூபாய் ஸ்பிட்ஃபயருக்கு இதே கணக்கைப் போட்டால் மோட்டாரும் பேட்டரியும் பெரிதாகி ஐம்பதாயிரம் பக்கம் போய் நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். கிட்டும் பசையும் முதலில். எலெக்ட்ரானிக்ஸ், மரச்சட்டம் எழும்பி நின்ற பிறகு. ஆறு மாதம் கட்டப்போகிறீர்கள், அதுவரை பேட்டரி பெட்டிக்குள் கிடந்து கிழடாவதில் யாருக்கு லாபம்?

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: பிளான் முழு அளவில் தாளில் வருகிறதா, பிடிஎஃப் மட்டும்தானா? காக்பிட் கண்ணாடி வார்த்தது உள்ளே இருக்கிறதா? இறக்கை கழற்றக் கூடியதா? அப்புறம் 'பறக்கும் எடை' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது பேட்டரியோடு சேர்த்தா, இல்லாமலா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு கடை பாருங்கள். 40 அங்குல ஹரிக்கேன் பேட்டரியோடு 750 கிராமுக்குள் நின்றால் சாதுவாகப் பறக்கும். 900 தாண்டினால் இறங்கும்போது கல்.

எடை எங்கே கூடுகிறது என்பதும் முக்கியம். இந்த விமானத்துக்கு மூக்கு குட்டை. வாலில் ஒரு கிராம் கூடினால், சமநிலைக்காக மூக்கில் இரண்டரை, மூன்று கிராம் ஈயம் கட்ட வேண்டும். என் முதல் ஹரிக்கேனில் வால் துண்டுகளைக் கையில் கிடைத்த கனமான பலகையில் வெட்டிவிட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தராசுப் புள்ளியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் வால் தொங்கியது. தூண்டில் கடையில் ஈயக்குண்டு வாங்கி மூக்கில் ஒட்டினேன், ஒட்டிக்கொண்டே இருந்தேன், 60 கிராம் போனது. பேட்டரி எடையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு பயனும் இல்லாமல் மூக்கில் குந்தியிருந்தது.

ஆன்லைனில் பால்சா ஷீட் பத்து வாங்கினேன். சில தக்கை மாதிரி இருக்கின்றன, சில பலகை மாதிரி கனக்கின்றன. கடைக்காரர் "மரம் இயற்கைப் பொருள், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். திருப்பித் தர முடியுமா? – மதுரை வாசகர்

கடைக்காரர் சொல்வது பாதி சரி. ஒரே மரத்தில் வெட்டிய இரண்டு பலகைகூட எடையில் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசப்படும். அதனால்தான் இந்தத் தொழிலில் பால்சாவைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது, நிறுத்து வாங்க வேண்டும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி பாக்கெட் தராசு 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிட் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம் கொண்ட ஷீட் 150 கன செ.மீ. அது 18 கிராம் இருந்தால் லேசு, வாலுக்கும் இறக்கை நுனிக்கும் அதைத்தான் எடுக்க வேண்டும். 24 கிராம் நடுத்தரம், இறக்கையின் மேல்தோலுக்குச் சரி. 30 கிராமுக்கு மேல் போனால் பட்டை பட்டையாகக் கிழித்து ஸ்பாருக்கு (இறக்கையின் நீளவாக்கு முதுகெலும்பு) வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பலம்தான் தேவை. ஆக, கனமான ஷீட்கள் வீணில்லை, இடம் மாறியிருக்கின்றன அவ்வளவுதான்.

எடைக்கு அடுத்து இழை. ஷீட்டை அகலவாக்கில் மெல்ல வளைத்துப் பாருங்கள். பாய் சுருட்டுவது போல வளைந்து கொடுத்தால் உடம்பைச் சுற்றிப் போர்த்த நல்லது. வளைய மறுத்து, வெளிச்சத்தில் சாய்த்தால் மீன் செதில் போலப் புள்ளி புள்ளியாக மின்னினால் அது ரிப்புக்கான மரம். அதைப் போய் வளைத்தால் பட்டென்று பிளந்துவிடும். மாற்றிப் போட்டுவிட்டு, மரம் மட்டம் என்று திட்டுகிறவர்கள் நிறைய.

திருப்பித் தரும் விஷயம்: விற்பனைப் பக்கத்தில் 'லைட் கிரேடு' என்றோ, இத்தனை கிராம் என்றோ போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் உங்கள் தராசு காட்டும் எடையையும் படம் எடுத்து அனுப்புங்கள். சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றால் பணத்தைத் திருப்பித் தர மறுக்க முடியாது. வெறுமனே 'பால்சா ஷீட்' என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலமில்லை. அடுத்த முறை ஆர்டரிலேயே எடையை எழுதிக் கேளுங்கள். நல்ல கடைக்காரர்கள் நிறுத்துப் பொறுக்கித் தருகிறார்கள், கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம்.

விலை ஏன் இப்படி ஏறிக்கிடக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உலகத்துப் பால்சாவில் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளின் உள்ளே வைக்கவும் இதே மரம்தான். 2020 வாக்கில் சீனாவில் காற்றாலைகள் மளமளவென்று எழும்பியபோது மரத்தை டன் கணக்கில் அள்ளிக்கொண்டார்கள், நமக்கு ஷீட் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

பெவிகால் போதுமா, இதற்கென்று தனிப் பசை வேண்டுமா? – கும்பகோணம்

மர இணைப்புக்குப் பெவிகால் தாராளமாகப் போதும். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் இடத்தில் அது ரப்பராக உருளும். அந்த இடங்களுக்கு மஞ்சள் மரப்பசை நல்லது. அவசர ஒட்டுக்குச் சயனோ பசை (ஃபெவிக்விக் வகை), சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். பெரியது மலிவு என்று வாங்கினால் பாதி தீர்வதற்குள் பாட்டிலிலேயே இறுகிவிடும். லேசர் வெட்டின் கருகிய ஓரத்தில் பெவிகால் சரியாகப் பிடிக்காது, ஒரு இழுப்பு தேய்த்துவிட்டு ஒட்டுங்கள்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் மணிவிழா. சின்ன வயதில் பள்ளியில் கிளைடர் கட்டியதைப் பற்றி இன்னும் பேசுவார். பெரிய ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்றைச் சொல்லாமல் வாங்கிக் கொடுத்து அசத்தலாம் என்று நினைக்கிறேன். – தஞ்சாவூர் வாசகி

நல்ல எண்ணம் அம்மா, ஆனால் பெரிய கிட் வேண்டாம். பெரிய பெட்டி என்பது மறைமுகமாக ஒரு வேலைச்சுமை. அலமாரி மேல் ஏறினால் இறங்காது, பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி வேறு. 1926இல் அமெரிக்காவில் தொடங்கிய கில்லோஸ் நிறுவனத்தின் ரப்பர் பேண்ட் விசையில் பறக்கும் சின்ன கிட் ஏதாவது ஒன்று எடுங்கள். பதினாறரை அங்குல இறக்கை, டைனிங் டேபிள் மூலையிலேயே கட்டிவிடலாம். ரேடியோ கிடையாது, பேட்டரி கிடையாது. பழைய கிட் என்றால் உறுப்புகள் லேசரில் வெட்டியதா, அச்சில் நசுக்கி வெட்டியதா என்று பார்த்து, லேசரில் வெட்டியதையே வாங்குங்கள். அறுபது வயதுக் கைக்கும் கண்ணுக்கும் அந்த வித்தியாசம் பெரியது.

மிச்சப் பணத்தில் இவற்றை வாங்குங்கள்: குண்டூசி இறங்கும் சாஃப்ட் போர்டு ஒன்று, சர்ஜிக்கல் பிளேடும் பிடியும், பூதக்கண்ணாடி வைத்த மேசை விளக்கு. விளக்கைப் பார்த்துத்தான் அதிகம் சந்தோஷப்படுவார் என்பது என் ஊகம். கிட் பிடித்துப்போனால் ஸ்பிட்ஃபயரை அவரே கேட்பார்.

துபாயிலிருந்து தம்பி வருகிறான். மாடல் விமானச் சாமான் வாங்கிவரச் சொல்லலாமா? – நாகர்கோவில்

மரக் கிட், மோட்டார், செர்வோ சொல்லலாம். முழுதாகப் பூட்டிய, பறக்கத் தயார் நிலையில் உள்ள செட் வேண்டாம். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன்களையும் பாகம் பாகமாகப் பிரித்து வரும் ட்ரோன் செட்களையும் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. விமான மாடல்தான், ட்ரோன் இல்லை என்று விமான நிலையத்தில் இரவு இரண்டு மணிக்குத் தம்பி விளக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா? ரேடியோவையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். வயர்லெஸ் சாதனத்துக்கு இங்கே வகை ஒப்புதல் தேவை, இங்கு விற்பவரிடம் பில்லும் வாரண்டியும் கிடைக்கும்.

லைப்போ பேட்டரி கொண்டுவந்தால் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். 3எஸ் 2200 என்பது 11.1 வோல்ட் பெருக்கல் 2.2, அதாவது 24 சொச்சம், கவலையில்லை. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

கூரியரில் வந்த கிட் பெட்டி நசுங்கியிருந்தது. உள்ளே ஏழு ரிப் உடைசல், இரண்டு ஃபார்மர் (உடம்புக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடு) காணோம். கடைக்காரர் போனே எடுக்கவில்லை. – ஈரோடு வாசகர்

முதலில் எழுத்தில் புகார். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. பெட்டியின் நசுங்கிய மூலை, உறுப்புப் பட்டியல், உடைந்த துண்டுகள் மூன்றையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து மெயிலில் அனுப்புங்கள். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலனில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை டெல்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

இது சட்டம் சொல்கிற வழி. நானாக இருந்தால் மெயிலில் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு முன், "இந்த ஒன்பது உறுப்பை மட்டும் வெட்டி அனுப்புங்கள்" என்று கேட்பேன். லேசர் இயந்திரம் வைத்திருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை, பெரும்பாலும் சம்மதிப்பார். பிளான் கையில் இருந்தால் நீங்களே ரிப்பைத் தாளில் நகலெடுத்து 2 மி.மீ. ஷீட்டில் வெட்டலாம். முழு கிட்டையும் திருப்பி அனுப்பினால் இன்னொரு முறை கூரியர், இன்னொரு முறை நசுங்கல்.

நண்பர் ஒருவர் பாதி கட்டிய தண்டர்போல்ட் (அமெரிக்கப் போர் விமானம்) மாடலையும் பழைய கிளோ இன்ஜினையும் சேர்த்து 6,000 ரூபாய்க்குத் தருகிறார். மலிவுதானே? – வேலூர்

இன்ஜின் பழைய விளக்கெண்ணெய்ப் பிசினில் இறுகிக் கிடக்கும், அதைச் சுத்தம் செய்துவிடலாம். எரிபொருள்தான் தலைவலி. அது மெத்தில் ஆல்கஹாலில் ஓடுவது. தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்த ஊரில் அந்தக் கெடுபிடி நியாயமானதுதான். விமானத்தை மட்டும் 3,000 ரூபாய்க்குக் கேட்டுப் பாருங்கள், மின்மோட்டார் போட்டுக்கொள்ளலாம். வாங்கும் முன் இறக்கையை மேசையில் வைத்து நான்கு மூலையும் தொடுகிறதா என்று பாருங்கள். முறுக்கியிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஹரிக்கேன் கட்டினால் நம் ஊர்ச் சம்பந்தமுள்ள அடையாளம் ஏதாவது போட முடியுமா? – சென்னை, மாணவர்

முடியும் தம்பி, இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். போர்க்காலத்தில் மாகாணங்கள் வசூலித்துக் கொடுத்த பணத்துக்கு ஈடாகப் பிரிட்டிஷ் விமானப்படை ஸ்குவாட்ரன்களுக்கு (விமானப் படைப்பிரிவுகளுக்கு) அந்த மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். 79, 234, 264 மூன்றும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' ஸ்குவாட்ரன்கள். இதில் 79 உங்களுக்குப் பொருத்தம். 1942இல் இந்தியாவுக்கே வந்து ஹரிக்கேன்களில் பர்மா போர்முனைக்குப் பறந்தது, 1944இல் தண்டர்போல்ட்டுக்கு மாறியது.

கிட்டோடு வரும் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். அது அநேகமாக 1940 இங்கிலாந்து வானத்துக்கானது, வட்டத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும். பர்மா பக்கம் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிச் சொந்த ஆளையே சுட்டுவிடக் கூடாது என்று சிவப்பை எடுத்துவிட்டார்கள். கருநீல வட்டம், நடுவில் வெளிர்நீலம். பைக் நம்பர் பிளேட் ஒட்டும் ஸ்டிக்கர் கடையில் அளவைச் சொன்னால் இரண்டு நீலத்தில் வெட்டித் தந்துவிடுவார், நூறு, இருநூறு ரூபாய் வேலை. கனமான விளம்பரப் பலகை வினைல் வேண்டாம், மெல்லியது கேளுங்கள்.

இன்னொன்று, ஃபிலிம் போர்த்திய இறக்கையைக் கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் விடாதீர்கள். நான் ஒரு சாப்பாட்டு நேரம்தான் விட்டேன். திரும்பி வந்தபோது ஃபிலிம் தொய்ந்து, ஒட்டிய வட்டம் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது.

கட்டி முடித்தாயிற்று. எங்கே பறக்க விடுவது? – கோவை

கோவையில் பீளமேட்டில் விமான நிலையம், பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம். நீங்கள் கொஞ்சம் தள்ளித்தான் போக வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின் கீழ் மாடல் விமானமும் வருகிறது. பொழுதுபோக்குக்காக 2 கிலோ வரை ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் வான்பகுதி வரைபடத்தில் பச்சைப் பகுதியாக (முன் அனுமதி தேவைப்படாத இடமாக) இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஓட்ட வேண்டும். பதிவு எண் விவரத்தையும் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று போர்க்கால ஓடுதளங்கள் கிடக்கின்றனவே, ஹரிக்கேனுக்கு அங்கே இறங்கினால்தானே பொருத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை எனக்கும் உண்டு. அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் வேலி தாண்டாதீர்கள். அறுவடை முடிந்த சோளக்காடு ஒன்று கிடைத்தால், முதலில் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, காலை ஆறரை மணிக்குக் காற்று எழும் முன் போய்விடுங்கள்.